சங்குக்குக் கீழே ஒரு கோணல் கோடு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பல் டாக்டரம்மா, தபால்தலை வாங்குவதற்காகப் பாரிமுனையிலிருந்து வந்திருந்த பெரியவர், என் தம்பி, நான், அப்புறம், கடைவாய்ப் பல்லுக்கு மருந்து வைத்து இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்ததால், வாயை மூடவும் முடியாமல் பேசவும் முடியாமல் நாற்காலியில் சாய்ந்திருந்த கம்பெனி பஸ் டிரைவர். வேறு யாரும் இல்லை. ஒரகடத்தில் பல பேர் தாங்களும் கூடவே நின்று பார்த்த மாதிரி இந்தக் கதையைச் சொல்கிறார்கள். அதெல்லாம் டிரைவர் வாயிலிருந்து பஞ்சை எடுத்த பிறகு பரவியது.

கிளினிக், மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கீழே கம்பெனி பஸ்கள் வந்து நின்று ஆள் இறக்கும். ஷிப்ட் மாறும் நேரத்தில் படிக்கட்டு வரைக்கும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் டோக்கன் கொடுப்பேன், கருவிகளைக் கொதிக்க வைப்பேன், தரையைத் துடைப்பேன். எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்கு நிழலில் செய்கிற வேலை கிடைத்ததே பெரிய விஷயம். ஆனால் எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கொதிக்கிற பாத்திரத்தை அணைத்தேனா என்று பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, இழுத்ததில் திறந்துகொண்டிருக்குமோ என்று மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன்.

நான் அங்கே சேர்ந்ததே ஒரு பல்லால்தான். வலி தாங்காமல் போயிருந்தேன். டாக்டரம்மா நீளக் காம்பு வைத்த அந்தச் சின்னக் கண்ணாடியை என் வாய்க்குள் விட்டார். வலிக்கிற பல்லை விட்டுவிட்டு, இந்தப் பக்கம் எப்போதோ அடைத்திருந்த ஒரு பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத அடச்ச டாக்டர் இடது கையா?"

எனக்கு எப்படித் தெரியும்? சின்ன வயதில் எங்கள் ஊர் சர்ச் வாசலில் நடந்த இலவச முகாமில் அடைத்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அந்த டாக்டர் இடது கையால் சீட்டு எழுதியதைப் பார்த்து, கைராசி எப்படியிருக்குமோ என்று தான் பயந்தது அம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. மறுநாள் போய்ச் சொன்னேன். டாக்டரம்மா ஆச்சரியப்படவில்லை. "எப்படி?" என்று ஒரு புருவத்தைத் தூக்கினார். தான் சொன்னது சரியாகப் போனால் எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அடக்கம் என்பது அவரிடம் துளியும் கிடையாது. பிறகு என் வாயைத் திறக்கச் சொல்லி அந்தப் பழைய அடைப்பை மறுபடியும் பார்த்து, "கொள்ளாம்" என்றார். அவர் நாகர்கோவில் பக்கம். நன்றாயிருக்கிறது என்பதற்கு அவர்கள் ஊர்ப் பேச்சு அது. அந்தப் பாராட்டு எனக்கில்லை, என் பல்லுக்கும் இல்லை, முகம் தெரியாத அந்த இடதுகைக்காரருக்கு என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது.

புதுப் பொருள் எதையும் அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. ரிப்பேர் ஆன பொருள்தான் அவர் கண்ணில் படும். டீக்கடைப் பெஞ்சின் காலில் வைத்த பற்று, என் புடவையில் கிழிசலை இழுத்துத் தைத்த இடம், மருந்துக் கடை ஷட்டரில் பட்டை வைத்து ஒட்டிய இடம். பார்த்ததும் நின்றுவிடுவார். விரலால் தடவிப் பார்ப்பார். இது அவசரத்தில் செய்தது, இது கூலி பேசாமல் செய்தது, இது இரண்டு ஆள் சேர்ந்து செய்தது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே நடப்பார். கூடப் போனால் பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான்.

ஒருமுறை கம்பெனி மேனேஜர் ஒருவர் பல் சுத்தம் செய்ய வந்தார். அதற்கு முந்தின நாள்தான் ஷோரூமிலிருந்து எடுத்த புதுக் காரைக் கீழே நிறுத்தியிருந்தார். டாக்டரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, பின்கதவில் ரிப்பேர் பார்த்த கை ஒன்று பட்டிருக்கிறது என்றார். மேனேஜர் சிரித்தார். இன்னும் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை என்றார்.

"கொற சொல்லல்ல சார். நல்ல கை. அதத்தான் சொல்லுதேன்."

மேனேஜர் வாயைக் கொப்பளித்துவிட்டுப் பாதியிலேயே இறங்கிப் போனார். கதவுக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. கிளினிக் மேல் கம்ப்ளைண்ட் கொடுப்பார், என் வேலை போகும் என்று அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதை என் தம்பியிடம் சொன்னேன். அவன் அப்போது ஒரு கார் கம்பெனியில் கான்ட்ராக்டில் டச்சப் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். லைனில் வருகிற வண்டியில் பெயிண்டில் புள்ளி, கீறல், தூசு இருந்தால் தேய்த்து, நிறம் கலந்து, பிரஷ்ஷால் தொட்டு, மெருகேற்றி, அங்கே எதுவுமே நடக்காத மாதிரி ஆக்குவதுதான் அவன் வேலை. நான் சொன்னதைக் கேட்டு அவன் முதலில் கேட்டது இதுதான்:

"எந்த லைட்ல பாத்தாங்கோ?"

"மத்தியான வெயில்லதான்."

"வெயில்ல தெரியாதேக்கா. எங்க பெயிண்ட் பூத்துல லைட்ட சாச்சு வெச்சாத்தான் எங்களுக்கே தெரியும்." சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். "இன்னா கண்ணுக்கா அது" என்றான்.

அடுத்த லீவு நாளில் கோயிலுக்குப் போகிறவன் மாதிரி குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்க்க வந்தான். இரண்டு பேரும் நிறம் கலப்பதைப் பற்றிப் பேசினார்கள், பல்லுக்கும் காருக்கும். அன்றிலிருந்து அவனை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. டச்சப்புதான்.

நோயாளிகள் இல்லாத மத்தியானங்களில் டாக்டரம்மா தபால்தலை பார்ப்பார். பல் அச்செடுத்த சுண்ணாம்புக் கட்டிகள் அடுக்கியிருக்கும் அலமாரியில், அவற்றுக்கு நடுவிலேயே அதற்கும் ஒரு டப்பா. ஒரே வகைதான் சேர்த்தார். அவர் ஊர்ப் பக்கம் அந்தக் காலத்தில் திருவாங்கூர் ராஜ்ஜியத்தில் அச்சடித்தது, நடுவில் சங்கு போட்டது. அதிலும் அழகானது, அரிதானது என்றெல்லாம் தேடமாட்டார். அச்சடித்த தகட்டில் எங்கேயாவது ரிப்பேர் நடந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

எனக்கும் தம்பிக்கும் புரிகிற மாதிரி ஒருநாள் சொன்னார். கம்பெனியில் கதவுத் தகடு அடிக்கிற டை என்கிற இரும்பு அச்சு இருக்கிறதல்லவா, அந்த மாதிரிதான் தபால்தலைக்கும் ஒரு தகடு. தாள் முழுக்க வரிசையாக அத்தனை சங்கும் ஒரே அழுத்தில் விழும். அடித்து அடித்து தகட்டில் ஓரிடம் உடையும். உடனே யாரோ ஒரு ஆள் அந்த இடத்தில் உலோகம் வைத்து அடைத்து, உளியால் கோட்டைத் திரும்பச் செதுக்குவான்.

"பல்லு அடைக்கிய மாதிரியேதான். அவன் கை கொஞ்சம் கோணிச்சுன்னா, அதுக்குப் பொறவு அடிக்கிய ஒவ்வொரு தாள்லயும், அதே எடத்துச் சங்குல, அந்தக் கோணல் இருக்கும். அந்த ஆளுக்க பேரு எங்கயும் இருக்காது. கோணல் மட்டும் இருக்கும்."

தம்பி உடனே பிடித்துக்கொண்டான். ஒரு பேனலில் மட்டும் கீறல் இருந்தால் அது ஃபோர்க்லிஃப்ட் இடித்ததாகவும் இருக்கலாம், அடுத்த பேனலிலும் அதே இடத்தில் இருந்தால்தானே டை என்று சொல்ல முடியும் என்றான்.

"அதான்லே. ஒண்ண வச்சு ஒண்ணுஞ் சொல்லப்பிடாது. இன்னொண்ணு காட்டணும்."

இந்த "இன்னொண்ணு காட்டு" அவருடைய சட்டம். ஒரு எக்ஸ்ரேயை வைத்துப் பல்லைப் பிடுங்கமாட்டார். வேறு பக்கத்திலிருந்து இன்னொன்று எடுக்கச் சொல்வார். என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வர நேரமாகி, நான் போன் அடித்து அவர் எடுக்காமல் போனால், மருந்து டப்பாவைக் கீழே போடுவேன். டாக்டரம்மா தலையை நிமிர்த்தாமலே சொல்வார்: "போன் எடுக்கல்ல. அது ஒண்ணு. இன்னொண்ணு காட்டு." காட்ட என்னிடம் ஒன்றும் இருக்காது. கீழே பஸ் சத்தம் கேட்கும். வீட்டுக்காரர் இறங்கி வருவார். என் பயத்தில் பாதியை அந்த ஒரு வார்த்தையால் அடைத்து வைத்திருந்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

அந்தச் சட்டம் அவரையும் விடவில்லை. அவரிடம் ஒரு சங்கு இருந்தது. படத்தைச் சுற்றிய சட்டத்தின் கீழ்க்கோடு ஓரிடத்தில் லேசாகத் தடித்து, கீழே சாய்ந்து, மறுபடி மேலே ஏறிச் சேரும். எறும்பின் மீசை அளவுதான். அவர் காட்டிய பிறகும் எனக்குத் தெரியவில்லை; காட்டிக் காட்டித்தான் தெரிந்தது. அது தகட்டு ரிப்பேர்தான் என்று அவர் மனதுக்குத் தெரியும். ஆனால் இன்னொன்று கிடைக்கவில்லை. பாரிமுனைப் பெரியவர் அதற்காக எத்தனையோ தடவை போன் செய்திருக்கிறார். ரிப்பேர் என்று எழுதிக் கொடுங்கள், அறுபதாயிரம் தருகிறேன் என்பார். "ஒத்தையா இருக்கு. எழுத மாட்டேன்" என்று இவர் வைத்துவிடுவார். பல வருஷம் இப்படியே போனது.

இந்த நேரத்தில்தான் தம்பிக்குக் கான்ட்ராக்ட் முடிந்தது. ஒரே நாளில் கேட்டில் கார்டை வாங்கிக்கொண்டார்கள். அவன் சும்மா இருக்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் ஒருவர் தன்னுடைய பழைய குட்டி லோடு வண்டியை விற்கப் பார்த்தார். அதை வாங்கினால் கம்பெனிகளுக்கு சாமான் ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம். அட்வான்ஸ் நாற்பதாயிரம், மிச்சம் மாதாமாதம். திங்கட்கிழமைக்குள் தராவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறான் என்று வண்டிக்காரர் சொல்லிவிட்டார். தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். என் கம்மல் ஏற்கெனவே அடகில்.

அப்போது அம்மா ஒரு தகர டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அம்மாவின் தாத்தா அந்தக் காலத்தில் திருவாங்கூர் பக்கம் ஏதோ எஸ்டேட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். டப்பாவில் பழைய காசு ஏதாவது இருந்தால் விற்கலாமே என்று அம்மாவுக்கு எண்ணம். காசு இல்லை. துருப்பிடித்த சாவி ஒன்று, ஒரு மணிபர்ஸ், பர்ஸுக்குள் புகையிலைத் தாளில் மடித்த, யாரும் ஒட்டாத நாலு தபால்தலைகள். நாலிலும் சங்கு.

கிளினிக்குக்குக் கொண்டுவந்து கொடுத்தோம். டாக்டரம்மா பல் பார்க்கிற பூதக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். முதலாவதைப் பார்த்தார், வைத்தார். இரண்டாவது, வைத்தார். மூன்றாவதைப் பார்த்தவர் வைக்கவில்லை. அப்படியே பின்னால் நகர்ந்து, நோயாளி நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என்னவோ ஏதோ என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். வாங்கவில்லை.

சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அன்றைக்கு அவர் அலமாரியைத் திறந்து தன்னுடைய சங்கை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. பயந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பாரிமுனைப் பெரியவருக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். ஒப்பிட்டுப் பார்ப்பதை அவர் முன்னால்தான் செய்யவேண்டும் என்றார். தம்பியிடம் தபால்தலையைத் திருப்பிக் கொடுத்து, கோணல் கோட்டைக் கருவியின் முனையால் காட்டி, "இந்தா பாரு, இங்க. இத பத்திரமா வச்சிருந்து ஞாயித்துக்கெழம கொண்டா. வாங்குயவரு இதத்தான் பார்ப்பாரு" என்றார்.

தம்பி தலையாட்டினான். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், "கஸ்டமர் இதைத்தான் பார்ப்பார்" என்று சூப்பர்வைசர் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினால் என்ன அர்த்தம் என்று. கஸ்டமர் வருவதற்குள் அது அங்கே இருக்கக்கூடாது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தோல் பெட்டி, கைக்குட்டையில் சுற்றிய லென்ஸ். டிரைவருக்கு அப்போதுதான் பல்லில் மருந்து வைத்திருந்ததால் எழுந்திருக்கக்கூடாது. அவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, கருவிகள் வைக்கும் தட்டை அவர் மார்புக்கு மேலிருந்து இந்தப் பக்கம் இழுத்து, அதில் வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்றை வைத்தார் டாக்டரம்மா. தம்பி சட்டைப் பையிலிருந்து காகித உறையை எடுத்துக் கொடுத்தான். அவன் முகத்தில் ஒரு தெளிவு.

பெரியவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கீழ்க்கோடு ரொம்ப சுத்தமா இருக்கே" என்றார்.

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். பாராட்டு என்று நினைத்துக்கொண்டான்.

"சாதாரண சங்குதான் டாக்டர். நூறு இருநூறு போகும். இதுக்கா என்னை இவ்வளவு தூரம் வரச் சொன்னீங்க?" அவர் கைக்குட்டையை எடுத்து லென்ஸைச் சுற்ற ஆரம்பித்தார்.

தம்பியின் சிரிப்பு அப்படியே நின்றது. எனக்கு லோடு வண்டி கண்ணில் தெரிந்தது. அதை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போவதும் தெரிந்தது. டாக்டரம்மா தபால்தலையை இடுக்கியால் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு தபால்தலையை விட்டுவிட்டு என் தம்பியின் விரல்களைப் பார்த்தார். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். தபால்தலையைக் குப்புறப் போட்டார். வாய்க்குள் விடுகிற அந்தச் சின்னக் கண்ணாடியை எடுத்து அதன் பின்பக்கத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். நாற்காலியின் விளக்கை இழுத்தார். அது நேராக அடித்தது. ஒன்றும் தெரியவில்லை. தம்பி, யாரும் சொல்லாமலே, ஒரு அடி முன்னால் வந்து விளக்கின் கையைப் பிடித்துத் தாழ்த்தி, ஓட்டுக்குச் சமமாகச் சாய்த்தான், கம்பெனியில் அவன் பூத்தில் வைக்கிற மாதிரி.

வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும் அந்த இத்தனூண்டுத் தாளின் முதுகில் மேடும் பள்ளமும் எழுந்து நின்றன. சங்கு தெரிந்தது, இடம் வலம் மாறி. சுற்றிலும் சட்டம் தெரிந்தது. அடியில், எறும்பு மீசை மாதிரி, ஒரு கோடு சாய்ந்து இறங்கி மேலே ஏறியது.

"பெயிண்ட் மேல உக்காரும்" என்றார் டாக்டரம்மா. "அச்சு உள்ள எறங்கும். அந்த ஆளு செதுக்குனது உள்ள கெடக்கு சார். இந்தப் பய மேல பூசியிருக்கான்."

பெரியவர் கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தார். டாக்டரம்மா தம்பியிடம் திரும்பினார்.

"எந்த பிரஷ்ஷுலே?"

"ஒத்த முடி பிரஷ் மேடம்." தரையைப் பார்த்துச் சொன்னான். "பேப்பர் கலருக்கு டீத்தண்ணி கலந்து கோணல மூடிட்டு, மேல நேரா ஒரு கோடு இழுத்தேன்."

"எதுக்கு?"

"கஸ்டமரு அதத்தான் பாப்பாருன்னு நீங்கதான மேடம் சொன்னீங்கோ."

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டிரைவருக்கு மூச்சு முட்டுகிறது என்று நான் பதறிப் போய்ப் பார்த்தேன். பஞ்சோடு சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வழிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தம்பி தன் கையாலேயே தன் வண்டியை அழித்துவிட்டான் என்று மட்டும் புரிந்தது.

டாக்டரம்மா அலமாரிக்குப் போனார். சுண்ணாம்புப் பற்களுக்கு நடுவிலிருந்து டப்பாவை எடுத்தார். தன்னுடைய சங்கை அதன் பக்கத்தில் குப்புற வைத்தார். சாய்ந்த வெளிச்சத்தில் அதன் முதுகிலும் அதே சாய்வு, அதே தடிப்பு, அதே ஏற்றம். உளியைப் பிடித்த கை எந்த இடத்தில் தயங்கியது, எங்கே மனதைத் திடப்படுத்திக்கொண்டு மேலே ஏற்றியது என்பதுவரை ஒன்றுபோல இருந்தது. எட்டாவது தாண்டாத எனக்கே தெரிந்தது. பெயர் தெரியாத ஒரு மனிதன் என்றைக்கோ ஒரு நாள் வேலைக்கு வந்து செய்துவிட்டுப் போன காரியம் எங்கள் ஐந்து பேர் முன்னால் உட்கார்ந்திருந்தது. கீழே ஏதோ பஸ் ஹாரன் அடித்தது.

"எப்படி?" என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"ரெண்டு" என்றார். அவ்வளவுதான்.

முதலில் சுதாரித்துக்கொண்டது பெரியவர்; அவர் வியாபாரி. டச்சப் செய்தது கெட்டுப்போனது, மரியாதைக்கு ஐயாயிரம் தரலாம் என்றார். ஆனால் டாக்டரிடம் இருப்பது சுத்தமானது, இப்போது சாட்சியும் வந்துவிட்டது, அறுபதுக்கு அதை எடுத்துக்கொள்கிறேன் என்றார். டாக்டரம்மா தாமதிக்கவே இல்லை. இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை இடுக்கியால் எடுத்து அவர் பெட்டியில் போட்டு, ரிப்பேர்தான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பெரியவர் கையிலிருந்த முப்பத்தைந்தாயிரத்தைக் கொடுத்து, மீதியை மறுநாள் பேங்க்கில் போடுவதாகச் சொன்னார்.

அந்தக் கட்டை டாக்டரம்மா பிரிக்காமல் என் தம்பியிடம் நீட்டினார்.

"ஒனக்க சங்க நான் எடுத்துக்கிடுதேன். நாப்பது. இப்ப இது இருக்கட்டும்."

தம்பி வாங்கவில்லை. "மேடம், அது கெட்டுப்போச்சு. சாரே சொல்ட்டாரு."

"அவருக்குக் கெட்டுப்போச்சு. அவரு கொண்டுபோறதுல ஒரு கைதான் இருக்கு. இதுல ரெண்டு கை இருக்குலே."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு அவன் படியில் இறங்கிய பிறகுதான் டிரைவரின் பஞ்சை எடுத்தோம். அவர் சொன்ன முதல் வார்த்தை, "இன்னா மேடம், படம் முடிஞ்சிச்சா? வாயி கிழிஞ்சிச்சு எனக்கு" என்பது.

திங்கட்கிழமை தம்பி முப்பத்தைந்தைக் கொடுத்து, குறைந்த ஐந்துக்கு வண்டிக்காரரிடம் தவணை கேட்டு வாங்கி, வண்டியை எடுத்துவிட்டான். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. டாக்டரம்மா எங்கள் மேல் இரக்கப்பட்டுத்தான் பணத்தைக் கொடுத்துவிட்டார், அந்த இரண்டு கை பேச்செல்லாம் தம்பி கூசாமல் வாங்கிக்கொள்வதற்காகச் சொன்னது, என்றைக்காவது அதை நினைத்து வருத்தப்பட்டு எங்களைப் பார்க்கவே பிடிக்காமல் போய்விடும் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அவர் சொன்னது ஒரு சாட்சிதான். இன்னொன்று என்னிடம் இல்லை.

அது ஒரு மத்தியானம் கிடைத்தது. மழை, நோயாளி யாரும் இல்லை. நான் இருப்பது தெரியாமல் அவர் அந்தத் தபால்தலையை எடுத்து ஓட்டின் மேல் வைத்திருந்தார். குப்புற இல்லை, நிமிர்த்தி. விளக்கை அவரே சாய்த்திருந்தார். என் தம்பி இழுத்த நேர்கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கண்ணால் போய்க்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, யாருக்கும் கேட்க வேண்டாம் என்கிற குரலில் "கொள்ளாம்" என்றார். நான் துடைப்பத்தோடு அப்படியே பின்னால் வந்துவிட்டேன். வீட்டுக்குப் போகும்போது அன்று பூட்டை ஒரு தடவைதான் இழுத்துப் பார்த்தேன்.

ஆனாலும் என் சுபாவம் எங்கே போகும்? தம்பி வண்டிக்காரருக்குத் தவணை கட்டத் திணறிய ஒரு மாதத்தில், மீதிப் பணத்தைப் பற்றி மென்று விழுங்கிக் கேட்டேன். தம்பியும் அன்று சாமான் இறக்கிவிட்டு அங்கே வந்திருந்தான்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "மொதல் ஆளுக்க கோட்டுக்கு ரெண்டு சாட்சி பாத்தேன், காசு குடுத்தேன். ஒனக்க தம்பிக்க கோடு ஒண்ணுதான எங்கிட்ட இருக்கு? இன்னொண்ணு காட்டு. மீதிய தாரேன்."

"அவ்ளோதான மேடம்?" என்றான் தம்பி. "பாக்கி மூணு சங்கு வூட்டுல கீது. நாளைக்கே இழுத்துகினு வரேன்."

"தபால்தலையில இனி கை வச்சே, ஒவ்வொரு வெரலா ஒடிப்பேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இன்னொன்றும் வேண்டும், இன்னொன்று இருக்கவும் கூடாது என்றால் எப்படி என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு நாள் கழித்துப் பாத்திரம் கழுவும்போதுதான் புரிந்தது: தம்பியின் கோடு ஒத்தையாகவே இருக்கவேண்டும், எங்களுக்கு நடுவில் அந்தக் கணக்கு தீராமலே கிடக்கவேண்டும் என்பதுதான் அது. வண்டிக்காரருக்குக் கட்டவேண்டிய ஐந்தை அவர் என் சம்பளத்தில் கேட்காமலே முன்பணமாகப் போட்டுக் கொடுத்தார். அதை மாதாமாதம் ஒழுங்காகப் பிடித்தும் கொண்டார். சங்கின் கணக்கில் மட்டும் கை வைக்கவில்லை.

முழங்கால் வலி அதிகமாகி அவர் கிளினிக்கை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். போகிற அன்று அலமாரியிலிருந்த சுண்ணாம்புப் பற்களையெல்லாம் எங்களிடம் விட்டுவிட்டு, டப்பாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். உள்ளே டேஷ்போர்டைத் தடவிப் பார்த்துக் கார் டிரைவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டே போனார். மாடியில் இப்போது செல்போன் கடை.

தம்பி ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் பம்பர் ஏற்றிக்கொண்டு ஓடுகிறான். போன் அடித்தால் சில நேரம் எடுக்கமாட்டான். அது ஒண்ணு, இன்னொண்ணு காட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிடுவான். டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்துச்சாக்கா என்று கேட்பான். பொங்கலுக்குப் பொங்கல் அவர் கூப்பிடுவார். டச்சப்பு கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறானா என்று விசாரிப்பார். இருக்கிறான் என்பேன்.

மூன்று சங்கும் தகர டப்பாவில் அப்படியே இருக்கின்றன. ஐயாயிரம் ரூபாய் இன்னும் பாக்கி.